எஸ்95, எல்எக்ஸ்5, டி-லக்ஸ் 5: பெட்டியில் வந்த மென்பொருளையும் சேர்த்து ஓர் அலசல்

சிசிடி என்ற பழைய வகை சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) கொண்ட கேமராக்களுக்கு இப்போது மறுபடியும் மவுசு. செகண்ட் ஹேண்டில் தேடுபவர்கள் கண்ணில் படுபவற்றில் 2010-இல் வெளிவந்த மூன்று முக்கியமானவை: கேனான் பவர்ஷாட் எஸ்95, பானசோனிக் லூமிக்ஸ் எல்எக்ஸ்5, லைகா டி-லக்ஸ் 5. மூன்றிலும் 10 மெகாபிக்சல்தான். மூன்றும் ரா கோப்பு, அதாவது கணினியில் நாமே திருத்திக்கொள்ளும்படி பதப்படுத்தாத படக் கோப்பு, தரும்.

மூன்று என்று சொன்னாலும் உண்மையில் கேமரா இரண்டுதான். டி-லக்ஸ் 5 என்பது பானசோனிக் தயாரித்துக் கொடுத்த எல்எக்ஸ்5. அதே லென்ஸ், அதே சென்சார். பிடிமானம் இல்லாத வழவழ உடலும், சிவப்பு வட்ட முத்திரையும், கேமராவே பதப்படுத்தித் தரும் ஜேபெக் படத்தின் வண்ணத்தில் கொஞ்சம் மாற்றமும்தான் லைகாவின் பங்கு. அமெரிக்காவில் அறிமுக விலை பானசோனிக்குக்குச் சுமார் 500 டாலர், லைகாவுக்குச் சுமார் 800.

நடுவில் அந்த 300 டாலர் எதற்கு? லைகாவோடு அடோபி லைட்ரூம் 3 என்ற படத்திருத்த மென்பொருள் கிடைத்தது. தனியாக வாங்கினால் அது 299 டாலர். ஆக, லைட்ரூம் வாங்கியே தீருவேன் என்றிருந்தவருக்குச் சிவப்பு முத்திரை இலவசம்! 2012-இல் லைட்ரூம் 4 வெறும் 149 டாலருக்கு வந்ததும் இந்த வாதம் படுத்துவிட்டது.

லைட்ரூம் 3 சும்மா இல்லை. அதில் புதிதாக வந்த இரைச்சல் நீக்கம் (படத்தில் விழும் புள்ளிகளைக் குறைக்கும் வசதி), இத்தனை சின்ன சென்சாருக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. வெளிச்சம் குறைந்த இடத்தில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800-ஐத் தாண்டி எடுத்த படங்களில் பலன் கண்கூடாகத் தெரியும்.

பானசோனிக் பெட்டியில் ரா கோப்பைத் திருத்தும் சில்கிபிக்ஸ் 3.1 எஸ்இ, போட்டோஃபன்ஸ்டுடியோ இரண்டும் வந்தன. இரண்டாவது, விண்டோஸில் படங்களை அடுக்கி வைக்க உதவும், அதை விடுங்கள். சில்கிபிக்ஸ் தரும் வண்ணம் நன்றாக இருக்கும், ஆனால் ஜப்பானிய வாடை வீசும் ஆங்கில மெனுக்களோடு மல்லுக்கட்ட வேண்டும். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: எல்எக்ஸ்5 லென்ஸின் மிக அகலமான 24 மி.மீ. முனையில் நேர்க்கோடுகள் வெளிப்புறமாக வளையும். திருத்தக் குறிப்பு ரா கோப்புக்குள்ளேயே இருக்கிறது. சில்கிபிக்ஸும் லைட்ரூமும் அதைப் படித்துத் தாமாகவே நிமிர்த்திவிடும். படிக்கத் தெரியாத மென்பொருளில் திறந்தால் சுவர், தூண் எல்லாம் தொப்பை போட்டுத் தெரியும்.

கேனானின் கதை வேறு. எஸ்95 சட்டைப்பையில் அடங்கும். 200 கிராம்கூட இல்லை. லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகி வேண்டியதை மாற்றலாம், மூடியைத் தொலைக்கும் கவலையும் கிடையாது. உடன் வந்த டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், கேனானின் டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய) கேமராக்களோடு தரப்பட்ட அதே மென்பொருள். நாம் செய்த திருத்தங்களை ரா கோப்பிலேயே எழுதி வைப்பதால், கோப்பை எங்கே நகர்த்தினாலும் அவையும் கூடவே வரும். ஆனால் வேறு நிறுவனக் கேமராவின் ரா கோப்பை அது தொடாது. பெட்டியோடு வந்தவற்றில் சீக்கிரம் கைக்குப் பழகுவது இதுதான் என்பேன்.

படப்பிடிப்பில் கேனான் தோற்கும் இடம் ஸூம். லென்ஸ் துளையின் அளவைச் சொல்லும் எஃப் எண் சிறிதாக இருந்தால் வெளிச்சம் அதிகம்; எஸ்95, எல்எக்ஸ்5 இரண்டும் எஃப் 2.0-இல்தான் தொடங்குகின்றன. கடைசி முனையில் எஸ்95 எஃப் 4.9-க்குச் சுருங்கிவிடும்; எல்எக்ஸ்5 எஃப் 3.3-லேயே நிற்கும், அதாவது இரு மடங்குக்கும் மேல் வெளிச்சம். கல்யாண மண்டபத்தில் தூரத்திலிருந்து முகங்களை எடுப்பவருக்கு இது பெரிய வித்தியாசம். பேட்டரியிலும் அப்படித்தான்: அதிகாரப்பூர்வக் கணக்குப்படி ஒரு சார்ஜில் எல்எக்ஸ்5-இல் 400 படம், எஸ்95-இல் 200.

சரி, இன்று எதை வாங்குவது? குறுந்தகட்டைச் செருக மடிக்கணினியில் இடமே இல்லை; லைட்ரூமும் சந்தாவுக்கு மாறிவிட்டது. எனவே லைகாவுக்குக் கூடுதலாகக் கொடுப்பது முத்திரைக்கு மட்டுமே. ரா கோப்போடு உட்கார்வேன், டார்க்டேபிள் போன்ற இலவச மென்பொருள் போதும் என்பவர் எல்எக்ஸ்5 எடுக்கலாம். எப்போதும் கையோடு ஒரு கேமரா வேண்டும் என்பவருக்கு எஸ்95. எதுவானாலும், வாங்கும் முன் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து சென்சாரில் தூசி இருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸைக் கழற்ற முடியாத இந்த வகையில் அதைச் சுத்தம் செய்வது லேசான வேலை இல்லை.