பக்வேனாவின் வேர்: வம்சக்கதையா, கல்சுவரா?

தென்னாப்பிரிக்காவிலும் போட்ஸ்வானாவிலும் வாழும், முதலையைக் குலச்சின்னமாகக் கொண்ட பக்வேனா மக்களின் பூர்வீகத்தைத் தேடுபவர்கள் குழம்புவது இங்கேதான்: பெரியவர்கள் சொல்லும் கதையை நம்புவதா, பழைய ஊர்களின் இடிந்த கல்சுவர்களையா?

யாரிடமிருந்து யார் பிரிந்தார்?
கதை: மலோபே என்ற முற்காலத் தலைவரின் மகன்கள் குவேனா, ங்வாட்டோ, ங்வாகெட்சே, மூவரும் பிரிந்து மூன்று குலங்கள் ஆயின. துரத்தியவர்களிடமிருந்து புதரில் ஒளிந்த ங்வாட்டோவைக் காப்பாற்றியது அங்கிருந்த ஒரு டைக்கர் மானாம். இன்றும் அதுவே அவர் வழிவந்த பங்வாட்டோ குலத்தின் சின்னம்.
சுவர்: இதில் வாயே திறக்காது.

எப்போது?
கதை: தலைமுறைகளை எண்ணத்தான் முடியும். இளையவர் கிளைகள் நழுவிவிடும்; ஆளும் வீட்டார் தம்மை மூத்தவராக்கிக்கொள்வதும் உண்டு.
சுவர்: கரித்துண்டும் பானை ஓடும் காலம் சொல்லும். தென்னாப்பிரிக்காவின் ரஸ்டன்பர்க் அருகே, மொலொக்வானே என்ற இடிந்த பழைய ஊரில் மாட்டுப்பட்டியைச் சுற்றி வீடுகள் இருந்த அமைப்பும் தெரிகிறது.

செலவு?
கதைக்குப் பொறுமையும் அவர்கள் பேசும் செட்ஸ்வானா மொழியும் போதும். சுவருக்கு ஆய்வகம் வேண்டும், அப்புறம் பணம்.

உறவுமுறையும் 1820களின் போர்களில் சிதறியவர்கள் போன திசையும் வேண்டுமா? கதையிடம் போங்கள். ஆண்டுக்கணக்கும் ஊரின் அளவும் வேண்டுமென்றால் சுவர்தான். நான் கதையில் தொடங்கி, ஆண்டு வரும் இடத்தில் மட்டும் சுவரைக் கேட்பேன்.