கூகுள்ல தேடுறவங்க கைக்கு கிடைக்கணும்னா இன்ஸ்டாவா, யூடியூபா?

மாடித்தோட்ட வீடியோவ ரெண்டுலயும் மாத்தி மாத்தி போட்டுட்டு இருந்தேன், இப்ப யாராவது தேடி வந்து பாக்கணும்னு நினைக்கிறத எல்லாம் முதல்ல யூடியூப்ல தான் போடுறேன்.

இன்ஸ்டா மூடின கதவு இல்ல. 2025 ஜூலை 10-ல இருந்து, புரொஃபஷனல் அக்கவுண்ட் (பிசினஸ் அல்லது கிரியேட்டர்னு மாத்தி வச்சிருக்கிறது) வச்சிருக்கிற 18 வயசு ஆனவங்களோட பப்ளிக் போஸ்ட் கூகுள்ல வரலாம், பிரைவசி செட்டிங்ல அதுக்கு ஒரு பட்டன் இருக்கு, ஆன்ல இருக்கான்னு பாத்துக்கோங்க. பிரைவேட் அக்கவுண்ட், ஃபேஸ்புக் பிரைவேட் குரூப், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இதெல்லாம் வரவே வராது.

அப்புறம் ஏன் யூடியூப்னா, தேடுறவங்க டைப் பண்ற வார்த்தை நம்ம போஸ்ட்ல எழுத்தா இருக்கணும், எனக்கு எல்லாமே அதுல தான் நிக்குது. செம்பருத்தில மாவுப்பூச்சி வந்து மொட்டுக்காம்பு பூரா பஞ்சு ஒட்டுன மாதிரி ஆயிடுச்சு, வேப்பெண்ணெய்ல சோப்புத்தண்ணி கலந்து அடிச்சு காப்பாத்துனேன். இன்ஸ்டால அத "ஒருவழியா பொழச்சிடுச்சு"ன்னு கேப்ஷன் போட்டு விட்டேன். அதுல செம்பருத்தியும் இல்ல, மாவுப்பூச்சியும் இல்ல. மூணு நாள்ல அடங்கிடுச்சு. யூடியூப்ல தலைப்புன்னு ஒரு கட்டம் இருக்கே, அத நிரப்பியே ஆகணும், அதனால "செம்பருத்தி மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் கரைசல்"னு எழுதினேன். இன்னிக்கும் "அக்கா எத்தன நாளைக்கு ஒருக்கா அடிக்கணும்"னு புதுசு புதுசா ஆளுங்க வந்து கேக்குறாங்க.

இன்ஸ்டா கேப்ஷன்லயும் 2,200 எழுத்து எழுதலாம், நான் தான் எழுதல, அதனால இது சரிசமமான போட்டின்னு சொல்ல மாட்டேன். இப்ப அங்கயும் பேர் சொல்லி எழுத ஆரம்பிச்சிருக்கேன், கொஞ்ச நாள் தான் ஆகுது. ஆனா யூடியூப்ல டிஸ்கிரிப்ஷனுக்கே 5,000 எழுத்து, அதுல 0:00-ல ஆரம்பிச்சு வீடியோவோட குறைஞ்சது மூணு இடத்துக்கு நேரமும் பேரும் போட்டுட்டா, கூகுள் ரிசல்ட்ல இருந்தே நேரா கரைசல் கலக்குற இடத்துக்கு வந்துடலாம், அந்த வசதிக்காகவே நான் இந்தப் பக்கம்.

பூ பூத்த போட்டோ, இன்னிக்கு பறிச்ச காய் இதுக்கெல்லாம் இன்ஸ்டா தான் அழகு. பூச்சி, உரம், மண்கலவைன்னா யூடியூப். எங்க போட்டாலும் மாவுப்பூச்சின்னு மட்டும் எழுதி விட்டுடாதீங்க, செடில வெள்ளையா ஒட்டியிருக்குன்னு தேடுறவங்க தான் நிறைய, அந்த வார்த்தையும் ஒரு வரில இருக்கட்டும்.