தேத்தண்ணிக் கோப்பையா, 33 அங்குலமா?

கனடாவில் இருக்கிற அக்காவின் மகள் வாட்ஸ்அப்பில் மூன்று விளம்பரங்களை அனுப்பி, "மாமா, இதில எதை எடுக்கிறது?" என்று கேட்டாள். நான் திருகோணமலை உப்புவெளியில் ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்தேன். திறந்து பார்த்தால் குதிரைகள். மூன்றும் குட்டைக் குதிரைகள், ஆனால் மூன்றுக்கும் மூன்று பெயர். ஒன்று 'டீ கப்'. எங்கள் வாயில் சொன்னால் தேத்தண்ணிக் கோப்பைக் குதிரை. அடுத்தது 'மைக்ரோ மினி'. மூன்றாவதில் அலங்காரம் ஒன்றுமில்லை: மினியேச்சர், காயடித்த ஆண், 4 வயது, 33 அங்குலம், பதிவுப் பத்திரம் உண்டு.

ரொறொன்ரோவுக்கு வெளியே கொஞ்சம் நிலத்தோடு வீடு வாங்கியிருக்கிறார்கள். இரண்டு ஆடு ஏற்கனவே நிற்கிறது. ஏழு வயது மகளுக்குக் குதிரை வேண்டுமாம். "தம்பி, நீ ஆடு மாட்டோடையே நிண்டவன், ஒருக்காப் பார்த்துச் சொல்லு" என்று அக்காவும் பின்னால் இருந்து குரல் கொடுத்தா. நான் குதிரை வளர்த்தவன் இல்லை. நெடுந்தீவுக் கட்டைக் குதிரைகளைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. இருந்தாலும் ஒரு மாதம் மண்டையைப் போட்டு உடைத்து, விற்பவர்களிடம் கேட்கக் கேள்விகள் எழுதிக் கொடுத்து, மூன்றாவதை வாங்க வைத்தேன். அதனால் இந்த அலசல் நடுநிலையானது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

முதலில் பெயர் விவகாரம். டீ கப், மைக்ரோ, பாக்கெட் என்பதெல்லாம் விற்பவர் வாயில் வந்த பெயர்கள். எந்தப் பதிவேட்டிலும் அவற்றுக்கு இத்தனை அங்குலம் என்று கிடையாது. 'மினியேச்சர்' என்ற சொல்லுக்குத்தான் கணக்கு உண்டு. 1978இல் தொடங்கிய அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கம் 34 அங்குலத்துக்கு மேல் வளர்ந்ததை ஏற்காது. அங்கேயே இன்னொரு பதிவேடு 34 வரை 'ஏ' பிரிவு, அதற்கு மேல் 38 வரை 'பி' பிரிவு என்று வைத்திருக்கிறது. 34 அங்குலம் என்றால் 86 சென்ரிமீற்றர். நம்மூர்க்காரருக்கு இப்படிச் சொன்னால் விளங்கும்: கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டைக்குள்ளே, கையில் பை இருந்தால் மூக்கை விடுகிற கொம்பு வைத்த புள்ளிமான் இருக்கிறதே, ஏறக்குறைய அந்த உயரம். பெயரில் அலங்காரம் இல்லாத குதிரையே அவ்வளவு சின்னன்தான்.

அளக்கிற இடத்தையும் கவனிக்க வேண்டும். பெரிய குதிரையைத் தோள்மேட்டில் அளப்பார்கள். மினியேச்சரைப் பிடரி மயிர் முடிகிற இடத்தில் அளக்கிறார்கள். அது சற்றுக் கீழே விழும், உயரம் கொஞ்சம் குறைந்து தெரியும்.

டீ கப்பைக் கழிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. ஒரு பிள்ளை குட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருக்கிற படம், கீழே '20 அங்குலம்'. வயது கேட்டால் மூன்று வாரம்! சாதாரண மினியேச்சர் குட்டியே பிறக்கும்போது 16 முதல் 22 அங்குலம் வரை இருக்கும். ஒரு வயதில்தான் வளரவேண்டிய உயரத்தில் 90 வீதமளவு வந்து சேரும். தாயின் உயரம் 32 அங்குலம் என்றார்கள். தகப்பன்? "சின்னதுதான்" என்று பதில் வந்தது. கோப்பை சீக்கிரமே வாளியாகிவிடும் என்று மருமகளுக்கு எழுதினேன்.

உண்மையான போட்டி மைக்ரோ மினியோடுதான். அது மூன்று வயதுப் பெண் குதிரை, 26 அங்குலம், நன்றாகவே அளந்திருந்தார்கள். விலை மூன்றாவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பார்க்கவும் கொள்ளை வடிவு, அதை மறைக்க மாட்டேன். சின்னதாக இருப்பதே குற்றமும் இல்லை. ஆர்ஜென்டினாவின் ஃபலபெல்லா குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்து வளர்த்த இனத்தில் இந்த உயரத்தில் உடல்வாகு சீரான குதிரைகள் உண்டு. போலந்தில் இருந்த போம்பெல் என்ற ஆண் குதிரை 56.7 சென்ரிமீற்றர்தான், 2018இல் கின்னஸில் ஏறியது.

ஆனால் குள்ளநோயாலும் குதிரை சின்னதாகும். அமெரிக்காவில் 2001இல் பிறந்த தம்பலினா 44.5 சென்ரிமீற்றர். உலகின் மிகச் சிறிய குதிரை என்று ஊர் ஊராகப் பேர் வாங்கியது. அதுவோ குள்ளநோய்க் குதிரை, கால்கள் நேராக நிற்க ஆதாரப்பட்டை கட்ட வேண்டியிருந்தது. இந்த நோய்க்கு ஏகன் (ACAN) என்ற மரபணுவில் நான்கு மாற்றங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் சுமக்கிற குதிரை வெளியே சாதாரணமாகத் தெரியும். தாய் தகப்பன் இரண்டு பக்கமும் வந்தால்தான் குட்டியில் வெளிப்படும், சிலது வயிற்றிலேயே கலைந்துவிடும். வேரோடு பிடுங்கிய சில மயிரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். "சோதனை செய்தீர்களா?" என்று கேட்டோம். "எங்களிடம் குள்ளக் குட்டி பிறந்ததே இல்லை" என்றார்கள். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. எங்களுடையதற்கும் சோதனை செய்யவில்லைதான். ஆனால் அது காயடித்தது, பரம்பரை அதோடு நின்றுவிடும். பெண் குதிரையை நாளைக்கு யாராவது குட்டி போட விடாமல் இருப்பார்களா? 26 அங்குலத் தாய்க்குப் பிரசவம் ஒரு கண்டம்.

சரி, இதையெல்லாம் விடுங்கள். என்னை ஒரு பக்கம் சாய வைத்தது வாய்.

தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குகிற குதிரைக்கு அந்தத் தடை இல்லை. வளர்ந்த பெண் குதிரைக்குப் பொதுவாக 36 பல், ஆணுக்கு 40. மனிதர் குதிரையைச் சின்னதாக்கியபோது மண்டையோடு சுருங்கிய அளவுக்குப் பல் சுருங்கவில்லை. நாலு பேர் இருக்கிற ஆட்டோவில் எட்டுப் பேரை ஏற்றியது போல. அதோடு குதிரையின் கடைவாய்ப்பல் நம்முடையதைப் போல முளைத்து முடிந்துவிடுவதில்லை. பெரும்பகுதி தாடைக்குள்ளே புதைந்திருந்து, வருடத்துக்கு 2, 3 மில்லிமீற்றராக மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். மென்று மென்று தேயும். மேலும் கீழும் சரியாகப் பொருந்தினால் ஒழுங்காகத் தேயும். நெருக்கி, கோணி முளைத்தால் ஒரு பக்கம் கத்தி மாதிரி நீண்டு கன்னத்தைக் கிழிக்கும். மெல்லாமல் விழுங்கினால் தொண்டையில் அடைக்கும், இல்லையென்றால் குடலில் கட்டி வயிற்றுவலி. தின்னாமல் விட்டால் இன்னொரு ஆபத்து: குட்டை இனங்களுக்கு உடம்பிலுள்ள கொழுப்பு இரத்தத்தில் இறங்கி ஈரலைப் பிடித்துக்கொள்ளும். ஆடு ஒரு நேரம் தின்னாவிட்டால் நான் பொறுத்துப் பார்ப்பேன். இதில் அந்தப் பொறுமை கூடாது.

அதனால் இரண்டு விற்பவர்களிடமும் ஒரே உதவி கேட்டோம்: உதட்டைத் தூக்கி ஒரு படம், வைக்கோல் தின்னும்போது ஒரு வீடியோ. மைக்ரோ மினியின் படத்தில் கீழ்வரிசை மேல்வரிசையைத் தாண்டி விரலகலம் வெளியே நின்றது. வீடியோவில் தலையை ஒரு பக்கம் சாய்த்து மென்றது. கொஞ்ச நேரத்தில் வெற்றிலைச் சப்பல் போல ஈரமான ஓர் உருண்டையைக் கீழே போட்டது. அதைத் தின்னவில்லை, மேலே வேறு வாய் எடுத்தது. திரும்பவும் உருண்டை. விற்றவர் பின்னால் நின்று, "பாருங்கள், எவ்வளவு சொகுசாகத் தின்கிறாள்!" என்கிறார். மற்றவரோ பெருவிரலால் உதட்டைத் தூக்கினார். முன்பல் மேலும் கீழும் சோளமுத்து வரிசையாக ஒன்றில் ஒன்று இருந்தது. எனக்கு அது போதும்.

குதிரை வந்து இப்போது எட்டு மாதம். கித்துள் பனையின் பாணி நிறம் என்பதால் அக்கா கித்துள் என்று பெயர் வைத்துவிட்டா. இந்த உயரத்தில் பல் பிரச்சினையே வராது என்று நினைத்துவிடாதீர்கள். மே மாதம் பல் பார்க்க வந்தவர், விழ வேண்டிய இரண்டு பால்பல் கடைவாயில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கழற்றி, கூர்களை அரத்தால் ராவிவிட்டுப் போனார். மயக்க ஊசி, வந்துபோன செலவு என்று மருமகள் பில்லைப் படம் பிடித்து அனுப்பினாள். நான் அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். வருடத்துக்கு ஒரு தடவையாவது இது உண்டு. குளம்பு வெட்டுவது ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை. 25, 30 வருடம் உயிரோடு இருக்கிற பிராணி. வாங்கிய விலை இந்தக் கணக்கில் எங்கேயோ மூலையில் கிடக்கும்.

மைக்ரோ மினிக்கும் சாதகம் சொல்ல வேண்டும். தீன் குறைவு, வான் வண்டியில் பின் சீட்டை மடித்து ஏற்றிவிடலாம். வாயும் காலும் சீராக உள்ள 26 அங்குலக் குதிரை கிடைத்து, சோதனை முடிவும் கையில் தந்தால் எனக்கு மறுப்பில்லை. கித்துளிடம் உள்ள குறை கொழுப்புத்தான். புல்லில் விட்டால் நிறுத்தத் தெரியாது, குளம்புக்குள்ளே அழற்சி வந்துவிடும் என்று முகத்துக்கு வலை மூடி போட்டிருக்கிறார்கள். பிள்ளை ஏறிச் சவாரி செய்யலாம் என்று நினைத்திருந்தாள். அதை நான் வேண்டாம் என்றுவிட்டேன்; கயிறு பிடித்து நடத்துகிறாள்.

ஆடுகளோடு நின்றாலும் கித்துள் வேலியோரம் போய்த் தூரத்துக் குதிரைகளைப் பார்த்தபடியே நிற்கிறதாம். இரண்டாவது ஒன்று வாங்கிற கதை தொடங்கியிருக்கிறது. போன கிழமை மருமகள் புது விளம்பரம் ஒன்று அனுப்பினாள். இந்த முறை நான் கேட்கவில்லை. உதட்டைத் தூக்கிய படம் முதலிலேயே இருந்தது.