அஸூர் லாகின்: டீஃபால்ட் சப்ஸ்கிரிப்ஷனை எங்கே வைப்பது?

டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ நாலைந்து வாடிக்கையாளர்களின் அஸூர் (மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட்) வேலையை ஒரே லேப்டாப்பில் பார்க்கும் சிறு குழுவுக்கு, லாகின் ஆனதும் எந்த சப்ஸ்கிரிப்ஷன் (வளங்களும் பில்லும் சேரும் கணக்கு) தானாக முன்னால் வருகிறது என்பது முக்கியம். தவறான இடத்தில் ஒரு விஎம் (மெய்நிகர் கணினி) ஏறினால் அந்தச் செலவு இன்னொருவர் பில்லில் விழும். அதில் ஆட்களின் சொந்தத் தகவல் இருந்தால் தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவின்படியும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முதல் வழி, லாகின் கேட்கும்போதே தேர்ந்தெடுப்பது. அஸூர் சிஎல்ஐயின் ('ஏஇசட்' என்று தொடங்கும் கமாண்டுகளைத் தரும் கருவி) 2.61 பதிப்பிலிருந்து 'ஏஇசட் லாகின்' கொடுத்தால் சப்ஸ்கிரிப்ஷன் பட்டியல் எண்களோடு வரும். நட்சத்திரக் குறி உள்ளதுதான் இப்போதைய டீஃபால்ட். எண்ணை அடிக்கலாம், வெறும் என்டர் தட்டினால் பழையதே நிற்கும். அந்த என்டர்தான் ஆபத்து, பட்டியலைப் படிக்காமலே கை தட்டிவிடும். ஸ்கிரிப்டுக்கு இது உதவாது. சர்வீஸ் பிரின்சிபல் (ஆளுக்குப் பதில் நிரல்கள் பயன்படுத்தும் கணக்கு) லாகினில் பட்டியலே வராது.

இரண்டாவது, 'ஏஇசட் அக்கவுண்ட் செட் --சப்ஸ்கிரிப்ஷன்'. எல்லாரும் பழகியது இதுதான். ஆனால் இது அந்த டெர்மினல் ஜன்னலுக்கு மட்டும் என்று நினைத்தால் தப்பு. தேர்வு ஹோம் ஃபோல்டரில் டாட்-அஸூருக்குள் இருக்கும் புரொஃபைல் கோப்பில் எழுதப்படுகிறது; திறந்திருக்கும் எல்லா டெர்மினலும் அடுத்த கமாண்டில் அதையே படிக்கும். இடது ஜன்னலில் சோதனைச் சூழல், வலது ஜன்னலில் நிஜ வேலை ஓடும் புரொடக்‌ஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலதில் 'அக்கவுண்ட் செட்' அடித்துவிட்டு இடதில் 'குரூப் டிலீட்' என்று '--யெஸ்' (உறுதி கேட்காமல் அழிக்கச் சொல்வது) சேர்த்து ஓட்டினால், இரண்டிலும் ஒரே பெயரில் ரிசோர்ஸ் குரூப் (வளங்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) இருக்கும்பட்சத்தில் போவது புரொடக்‌ஷன். பெயருக்குப் பதில் 36 எழுத்து ஐடியைக் கொடுங்கள். ஒரே பெயரில் இரண்டு சப்ஸ்கிரிப்ஷன் இருந்தாலும் குழப்பம் வராது.

பல வாடிக்கையாளர்களைப் பார்ப்பவருக்கு நான் சொல்வது மூன்றாவது வழி: 'அஸூர்_கான்ஃபிக்_டிர்' என்ற சூழல் மாறி. வாடிக்கையாளருக்கு ஒரு ஃபோல்டரைக் காட்டி, ஒவ்வொன்றிலும் தனியாக ஒருமுறை லாகின் செய்தால், லாகினும் டீஃபால்ட்டும் தனித்தனியாகிவிடும். ஒரு ஜன்னலில் மாற்றியது இன்னொன்றைத் தொடாது. ஒரு ஓட்டை உண்டு. கரண்ட் போய் மெஷின் திரும்ப எழும்போது, கையால் எக்ஸ்போர்ட் செய்த மாறி இருக்காது. புதிய டெர்மினல் பழைய டாட்-அஸூருக்கே போகும். அதனால் அங்கே 'ஏஇசட் அக்கவுண்ட் கிளியர்' அடித்துக் காலியாக விடுங்கள். மாறி இல்லாத கமாண்ட் யார் சப்ஸ்கிரிப்ஷனையும் தொடாமல் லாகின் கேட்டு நின்றுவிடும். மாறியை வேலை ஃபோல்டரோடு கட்ட டைர்என்வ் (ஃபோல்டருக்குள் போனதும் மாறிகளைத் தானாக வைக்கும் கருவி) போதும்.

பவர்ஷெல்லுக்கு இது செல்லாது. அங்கே 'அப்டேட்-ஏஇசட்கான்ஃபிக்' கமாண்டில் 'டீஃபால்ட்சப்ஸ்கிரிப்ஷன்ஃபார்லாகின்' வைக்கலாம்; அடுத்த கனெக்ட்டில்தான் வேலை செய்யும், இப்போதிருக்கும் கான்டெக்ஸ்ட்டை (நடப்பு லாகினும் சப்ஸ்கிரிப்ஷனும்) மாற்றாது. இடையில் மாற்ற 'செட்-ஏஇசட்கான்டெக்ஸ்ட்'. கூடவே '-ஸ்கோப் பிராசஸ்' போட்டால் அந்த ஜன்னலோடு நிற்கும்.

எந்த வழியானாலும் டீஃபால்ட் சோதனைச் சூழலாகவே இருக்கட்டும். புரொடக்‌ஷனுக்கு ஒவ்வொரு கமாண்டிலும் '--சப்ஸ்கிரிப்ஷன்' எழுதுங்கள். நீளம்தான், ஆனால் ரிவியூவில் கண்ணில் படும். கிளவுட் வளங்களைக் கோடாக எழுதி உருவாக்கும் டெராஃபார்மின் அஸூர் புரொவைடரும் 4.0 முதல் சப்ஸ்கிரிப்ஷன் ஐடியை நேராகக் கேட்கிறது. லொகேஷன் டீஃபால்ட்டை சவுத் ஆஃப்ரிக்கா நார்த் என்று வைத்திருப்பதை இதற்கான காவலாக எண்ண வேண்டாம். அது ரீஜனை (டேட்டா சென்டர் இருக்கும் பகுதியை) மட்டும்தான் பிடிக்கும்.

'அக்கவுண்ட் செட்' அந்த சப்ஸ்கிரிப்ஷனே இல்லை என்று சொன்னால் பெரும்பாலும் டெனன்ட்தான் (ஒரு நிறுவனத்தின் பயனர்களும் அனுமதிகளும் இருக்கும் தனி டைரக்டரி) காரணம். எம்எஃப்ஏ (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பு) கேட்கும் டெனன்ட்டின் சப்ஸ்கிரிப்ஷன்கள் சாதாரண லாகினில் பட்டியலில் வராமல் போகும். '--டெனன்ட்' சேர்த்து லாகின் செய்யுங்கள். அனுமதி இப்போதுதான் கிடைத்தது என்றால் 'ஏஇசட் அக்கவுண்ட் லிஸ்ட் --ரெஃப்ரெஷ்' போதும்.