1982 போர்ஷே 911 எஸ்சி: ஏ.சி.யைச் சீரமைத்து ஆறு கோடைகள்

இந்தக் காரை வாங்கியபோது ஏ.சி.க்கான எல்லாப் பாகங்களும் அதில் இருந்தன. குளிர்ச்சி மட்டும் இல்லை. குளிர்விக்கும் கேஸை அழுத்திச் செலுத்தும் கம்ப்ரசரின் பெல்ட்டை முந்தைய உரிமையாளர் கழற்றி முன்பக்கப் பெட்டியில் சுருட்டி வைத்திருந்தார். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஏ.சி. எதற்கு, கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஓட்டுவதுதானே அழகு என்று கேட்பவர்களோடு நான் வாதிடுவதில்லை. நண்பகல் வெயிலில், கறுப்பு டேஷ்போர்டுக்குப் பின்னால், நெரிசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகும் அவர்கள் அதையே சொன்னால் ஒப்புக்கொள்வேன். வேலையைச் செய்து முடித்ததில் எனக்கு வருத்தமில்லை. செய்த வரிசைதான் தவறு. கம்ப்ரசரில் தொடங்கினேன், கேஸின் வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சரில் தொடங்கியிருக்க வேண்டும்.

இந்தக் காரில் 2,994 சிசி என்ஜின் பின்னால் இருக்கிறது. அது தண்ணீரால் அல்ல, காற்றாலும் ஆயிலாலும் குளிர்கிறது. கம்ப்ரசர் என்ஜினோடு பின்னால் இருக்க, கூலிங் காயில் முன்பக்கப் பெட்டியின் அடியில் இருக்கிறது. ஒரு கண்டென்சர் என்ஜின் மூடியின் உட்புறத்திலும் மற்றொன்று முன்பக்க பம்பருக்குக் கீழேயும் பொருத்தப்பட்டிருப்பதால், கேஸ் காரின் முழு நீளத்தையும் கடந்து போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. மூடியில் உள்ள கண்டென்சரை என்ஜினின் விசிறி இழுக்கும் காற்றுதான் குளிர்விக்கிறது. கார் நின்று நின்று நகரும்போது என்ஜினோடு அந்த விசிறியும் மெதுவாகச் சுழல்வதால், குளிர்ச்சி மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் கண்டென்சருக்குக் காற்று குறைகிறது. போதாக்குறைக்கு, அதன் வழியே சூடேறிய காற்றையே என்ஜினும் வாங்கிக்கொள்கிறது.

ஆர்-12 கேஸை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு இது. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, வளர்ந்த நாடுகளில் 1995 முடிவோடும் மற்ற நாடுகளில் 2010-லும் அந்த கேஸின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. மாற்றாக வந்த ஆர்-134ஏ, கடும் வெப்பத்தில் ஆர்-12-ஐ விடக் கூடுதல் அழுத்தத்துக்கு ஏறுவதால், அதே அளவு குளிர்ச்சிக்கு வெப்பத்தை இன்னும் திறமையாக வெளியே தள்ளும் கண்டென்சர் வேண்டும். இதை நான் படித்தே இருந்தேன். ஆனாலும் பழைய இரண்டு பிஸ்டன் கம்ப்ரசரின் அதிர்வைக் கேட்டதும் எல்லாக் குற்றத்தையும் அதன் தலையில் சுமத்திவிட்டேன்.

முதல் கோடையில் சிறிய ரோட்டரி வகைக் கம்ப்ரசரைப் பொருத்தினேன். ஆர்-134ஏ-வோடு பழைய மினரல் ஆயில் கலக்காது என்பதால் எஸ்டர் ஆயில் ஊற்றி, ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரையும் இணைப்புகளில் உள்ள ரப்பர் ஓ-ரிங்குகளையும் மாற்றினேன். அதிர்வு போயிற்று. ஆனால் வெளியே 34 டிகிரி இருந்தபோது நடு வென்ட்டில் வந்த காற்று 17 டிகிரி. நின்றால் அதற்கும் மேல். அதுவும் அரை மணி நேரம்தான். பிறகு காற்றின் வேகம் குறையாமலே குளிர்ச்சி மட்டும் மறையும். காரை நிறுத்திச் சிறிது நேரம் கழித்து ஓட்டினால் திரும்ப வரும். காயிலில் பனி படியாமல் கம்ப்ரசரை நிறுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை வீணாக மாற்றினேன். காயிலில் பனி படிந்து அடைத்தால் வென்ட்டில் காற்றே குறைந்துவிடும். காற்று குறையாமல் குளிர்ச்சி மட்டும் போனால், உள்ளே தங்கிய ஈரம், அழுத்தத்தைக் குறைத்துக் கேஸைக் காயிலுக்குள் விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்ணிய துளையில் உறைகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கேஸ் நிரப்புமுன் பத்து நிமிடம் மட்டும் வேக்கம் எடுத்த, அதாவது பம்ப்பால் குழாய்களிலுள்ள காற்றை உறிஞ்சிய, என் அவசரத்தின் பலன் அது. இத்தனை நீளக் குழாய்களில் ஒளிந்திருக்கும் ஈரம், தாழ்ந்த அழுத்தத்தில் கொதித்து ஆவியாகி வெளியேற ஒரு மணி நேரமாவது வேண்டும். பம்ப்பை நிறுத்திய பின் கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்த கோடை வருவதற்குள் கேஸ் பெரும்பாலும் கசிந்து போயிருந்தது. பழைய ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகவே ஆர்-134ஏ மெல்லக் கசியும். நைலான் உள்ளுறை கொண்ட பேரியர் ஹோஸ்தான் அதைப் பிடித்து வைக்கும். எல்லாக் குழாய்களையும் மாற்றி, நைட்ரஜனை அடைத்து ஓர் இரவு வைத்துக் கசிவு பார்த்த பிறகே கேஸ் நிரப்பினேன். புரொப்பேன், பியூட்டேன் கலந்த கேஸ் மலிவாகக் கிடைக்கும், நன்றாகவும் குளிரும் என்று ஒருவர் யோசனை சொன்னார். பெட்ரோல் டேங்கும் கூலிங் காயிலும் காரின் முன்பகுதியை ஒன்றாகப் பகிர்ந்துகொள்ளும் காரில் எரியக்கூடிய கேஸை நிரப்ப எனக்குத் துணிவில்லை.

மூன்றாம் கோடையில்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன். இடது பின்சக்கர வளைவுக்குள், தனி மின்விசிறியுடன் கூடிய, கேஸைப் பல மெல்லிய வழிகளில் ஒரே நேரத்தில் ஓட விடும் பேரலல் ஃப்ளோ வகைக் கண்டென்சரைப் பொருத்தி, மூடியில் இருந்ததைக் கழற்றி, முன்பக்கத்துப் பழையதற்குப் பதிலாகவும் அதே வகையை வைத்தேன். என்ஜின் எத்தனை மெதுவாகச் சுழன்றாலும் அந்த விசிறி தன் வேகத்தில் சுழலும். விசிறிக்குத் தனி ரிலேயும் ஃபியூஸும் கொடுத்தேன்; நாற்பது ஆண்டு பழைய வயரிங்கில் அதை நேராக இணைப்பது தீயை விலை கொடுத்து வாங்குவது. மறுநாளே வென்ட்டில் ஓட்டத்தில் 9 டிகிரியும் நிற்கையில் 13 டிகிரியும் காட்டியது. கம்ப்ரசரைத் தொடவே இல்லை.

ஏ.சி.யோடு சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்தும் ஓர் ஆதாயம் கிடைத்தது. இந்தக் காரின் ஹீட்டர், எக்ஸாஸ்ட் குழாய்களைச் சுற்றிய உறைகளில் சூடாகும் காற்றைக் கதவுப் படிகளுக்குள் ஓடும் குழாய் வழியாகக் காருக்குள் அனுப்புகிறது. அதை அடைக்க வேண்டிய தகட்டுக் கதவுகள் துருப்பிடித்துப் பாதி திறந்தே கிடந்தன. ஆக, மூன்று கோடைகளாக ஹீட்டரையும் ஏ.சி.யையும் ஒன்றாக ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்! கதவுகளைச் சரிசெய்து, வெளிக்காற்று லீவரையும் முழுதாக மூடி வைக்கப் பழகிய பிறகு வென்ட் வெப்பநிலை 7, 8 டிகிரிக்கு வந்தது. கால்பக்கம் அனல் அடிப்பதும் நின்றது.

அதன் பிறகான மூன்று ஆண்டுகளில் ஒரு முறை மட்டும் சிறிது கேஸ் சேர்த்தேன். கார் ஷெட்டில் நிற்கும் மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை சில நிமிடங்கள் கம்ப்ரசரை ஓட விடுகிறேன். ஓடாமல் கிடந்தால் அதன் ஷாஃப்ட் சீல் உலர்ந்து கசியும். குறைகளும் உண்டு. ஐடிலில் கம்ப்ரசர் பிடிக்கும்போது என்ஜின் சற்றுத் தடுமாறுகிறது. மூடியின் கண்டென்சரைக் கழற்றிய பின் என்ஜின் மூடி இலகுவாகிவிட்டாலும், நெரிசலில் ஆயில் வெப்பமுள் ஏ.சி. இல்லாத நாளைவிடச் சற்று மேலேயே நிற்கிறது. நல்ல மேடு வந்தால் ஏ.சி.யை அணைத்துவிடுகிறேன், அது தேவை என்பதற்காக அல்ல, அந்த இடத்தில் என்ஜினின் ஒலியைக் குறையின்றிக் கேட்கப் பிடிக்கும் என்பதற்காக. பழைய கம்ப்ரசரும் மூடியின் கண்டென்சரும் முனைகள் அடைக்கப்பட்டு ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. அடுத்து வாங்குபவர் அசல் நிலையை விரும்பினால் உடலில் ஓர் ஓட்டை கூடப் புதிதாகப் போடாத காரோடு அவற்றையும் வாங்கிக்கொள்ளலாம்.