நேபாளமா, கம்போடியாவா, தான்சானியாவா? ஓவியம் சொல்லித்தரக் கிளம்புகிறவர்களுக்கு

வெளிநாட்டுக் கிராமப் பள்ளியில் சம்பளமில்லாமல் சில மாதம் ஓவியம் சொல்லித்தரப் போகலாமா என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. கலைக்கல்லூரியை இப்போதுதான் முடித்தவர்கள், ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்கள், ஐ.டி. வேலைக்கு நடுவே நீண்ட விடுப்பு வாங்கியவர்கள். அவர்கள் கையிலிருக்கும் பட்டியலிலும் அநேகமாக மூன்று நாடுகள்தான் இருக்கும்: நேபாளம், கம்போடியா, தான்சானியா. ஆள் அனுப்பும் முகமை நிறுவனங்கள் பல காலமாக அங்கே கடை விரித்திருப்பதுதான் காரணம். மூன்றுக்கும் ஒரே மாதிரி விளம்பரப் படம்: உள்ளங்கையில் வண்ணம் பூசிய பிள்ளைகள், பின்னால் பாதி வரைந்த சுவர். படத்தை விட்டு வெளியே வந்து பார்த்தால், இந்தியக் கடவுச்சீட்டோடு போகும் ஒரு தமிழருக்கு மூன்றும் மூன்று திசை.

முதலில் சட்டம். பாதிப் பேரின் திட்டம் உடைவது இங்கேதான். நேபாளம் இந்தியக் குடிமக்களிடம் விசா கேட்பதில்லை. 1950இல் இரு நாடுகளும் செய்த உடன்படிக்கை, ஒரு நாட்டவர் மற்ற நாட்டில் தங்கவும் நடமாடவும் தொழில் செய்யவும் இடம் கொடுக்கிறது. மற்ற நாட்டவருக்கு அங்கே சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலைகூடக் கூடாது. ஆண்டுக்கு 150 நாளுக்கு மேல் தங்கவும் முடியாது. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களும் இந்தக் கட்டுக்குள்தான் வருவார்கள். விசா தேவையில்லை என்பதற்காக நேராக வகுப்புக்குள் நுழைந்துவிடவும் முடியாது. 2015 அரசியலமைப்புக்குப் பிறகு பள்ளிக் கல்வி அங்கே 753 உள்ளாட்சி அமைப்புகளின் கையில் இருக்கிறது. அரசுப் பள்ளி என்றால் உள்ளாட்சி அலுவலகத்தின் கல்விப் பிரிவு, பள்ளி நிர்வாகக் குழு இரண்டிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுவது நல்லது.

கம்போடியாவில் சுற்றுலா விசா 30 டாலர், ஒருமுறைதான் நீட்டிக்கலாம். சாதாரண விசா எனப்படும் 'இ' வகை 35 டாலர். ஏற்கும் அமைப்பின் கடிதத்தோடு அதை ஆறு மாதம், ஒரு வருடம் என்று நீட்டிக்கலாம். வித்தியாசம் ஐந்தே டாலர் என்றாலும், தவறான வகையில் இறங்கிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. தான்சானியா மூன்றிலும் கறார். சுற்றுலா விசாவில் போய்ப் பள்ளியில் நின்றால் சட்டமீறல். தன்னார்வலர்களுக்கென்றே 'சி' வகுப்பு வசிப்பு அனுமதி இருக்கிறது; அதற்கான கட்டணத்தையும் அலைச்சலையும் இரண்டு மாதம் தங்குகிறவர் தாங்க மாட்டார்.

அடுத்தது மொழி. எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது. "ஓவியத்துக்கு மொழி தேவையில்லை" என்று முகமைகள் எழுதுகின்றன. திறந்த வண்ணக் குப்பிகளோடு நாற்பது எட்டு வயதுப் பிள்ளைகள் முன்னால் நின்றிருந்தால் எவரும் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். வரைந்து காட்டி "இதைப் போல வரை" என்று சைகை செய்வதற்கு மொழி வேண்டாம்தான். அப்படிச் செய்தால் நாற்பது தாளிலும் உங்கள் தென்னைமரமும் உங்கள் இரட்டை மலையும்தான் வந்து நிற்கும். பாடம் அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. இந்த மாடு ஏன் வீட்டைவிடப் பெரிதாக இருக்கிறது என்று கேட்டு, பிள்ளை சொல்லும் பதிலைப் புரிந்துகொள்ள வேண்டும். மூலையில் தாளைக் கசக்கிவிட்டு உட்கார்ந்திருப்பவனிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும். அதோடு வகுப்பாசிரியரோடு உட்கார்ந்து அடுத்த வாரத்தைத் திட்டமிட வேண்டும். அவர்தான் நீங்கள் போனபிறகும் அங்கே இருக்கப்போகிறவர்.

இந்தக் கண்ணோடு பார்த்தால், நேபாளத்தின் தெற்குச் சமவெளியான தராய் முந்திவிடுகிறது. 2021 கணக்கெடுப்பில் 124 தாய்மொழிகள் பதிவான நாடு அது. வகுப்புக்கு வகுப்பு மொழி மாறும். ஆனாலும் மைதிலி, போஜ்புரி பேசும் தராய் ஊர்களில் ஹிந்தியில் சொன்னால் பிள்ளைகளுக்கும் புரியும், ஆசிரியர்களுக்கும் புரியும். ஹிந்தி பிரசார சபா தேர்வில் தேறிய ஹிந்தியே போதும், ஒரு மாதத்தில் ஓடத் தொடங்கிவிடும். ('ஹிந்தி தெரியாது போடா' என்ற அந்தப் பிரபலமான டி-சட்டையைப் பெட்டியில் வைக்காமல் போவது உத்தமம்.) மலைப்பகுதிகளில் தமாங், குருங், ராய் பிள்ளைகள் இருக்கும் வகுப்புகளில் நேபாளியே இரண்டாவது மொழி, அங்கே ஹிந்தியின் கை கொஞ்சம் நடுங்கும்.

தான்சானியாவில் தொடக்கப்பள்ளி சுவாஹிலியில் நடக்கிறது. கேட்டவுடன் பயந்துவிட வேண்டாம். ரோமன் எழுத்து, எழுதியபடியே உச்சரிப்பு, பெரும்பாலான சொற்கள் உயிரொலியில் முடியும். தமிழ் நாக்குக்குச் சிரமமே இல்லை. உயர்நிலைப் பள்ளி ஆங்கிலவழி என்பதால் ஆசிரியர்களோடு ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளலாம். கம்போடியாவின் கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது. அந்தப் பெருமையில் மகிழலாமே தவிர, கரும்பலகையைப் படிக்க அது உதவாது. உயிரொலிகள் ஏராளம், சொல் பிரியும் இடம் தெரியாது, கிராமத்து ஆசிரியர்களில் ஆங்கிலம் பேசுகிறவர் குறைவு. ஆறு மாதத்துக்குக் கீழே போகிறவர் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பாடம் நடத்தவே முடியாது.

வரைவதற்கு அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நேபாளத் தராயின் ஜனக்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்கள் மண்சுவரில் யானையும் மீனும் தாமரையும் வரைகிறார்கள். தரையில் அரிசிமாவைக் கரைத்து விரலால் அரிபன் போடுகிறார்கள். 1989 முதல் ஜனக்பூர் பெண்கள் மேம்பாட்டு மையத்தில் அந்தச் சுவரோவியம் தாளுக்கும் வந்து, அவர்களுக்கு வருமானமாகவும் ஆகிவிட்டது. கோலம் போட்டுப் பழகிய ஒருவர் அங்கே போனால் முதல் நாளே பேச்சுக்கு விஷயம் கிடைத்துவிடும். உங்கள் புள்ளிக் கோலத்தை ஒரு பிள்ளையின் பாட்டி முறைத்துப் பார்த்துவிட்டுத் தன் அரிபனைப் பக்கத்தில் போட்டுக் காட்டினால், அன்றைய வகுப்பு அதுதான். மலைப்பகுதியில் லோக்தா செடியின் பட்டையிலிருந்து செய்யும் தாள் கிடைக்கும். பூச்சி அரிக்காது, நெடுங்காலம் தாங்கும். அரசு ஆவணங்களை அதில் எழுதும் வழக்கம் அதனால்தான் வந்தது. சாதாரணத் தாளைவிட விலை கூடுதல் என்பதால் கடைசிப் படைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கம்போடியாவின் கதை வேறு. 1975 முதல் 1979 வரையான கெமர் ரூஜ் ஆட்சியில் அந்நாட்டுக் கலைஞர்களில் மிகப் பெரும்பாலோர் அழிந்துபோனார்கள். தாய்லாந்து எல்லையின் சைட் 2 அகதி முகாமில் ஒரு பிரெஞ்சு ஓவியரிடம் வரையக் கற்ற பிள்ளைகள், நாடு திரும்பியபின் 1994இல் பட்டம்பாங் நகருக்கு அருகே ஃபாரே பொன்லூ செல்பாக் என்ற கலைப்பள்ளியைத் தொடங்கினார்கள். ஓவியம், இசை, நாடகம், சர்க்கஸ் எல்லாம் அங்கே இலவசம். 2013 முதல் சியம் ரீப்பில் நடக்கும் சர்க்கஸின் வருமானமும் பள்ளிக்கு வருகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த ஓவிய ஆசிரியர் எதைச் சாதிக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அதே காரணத்தால்தான் இன்று அங்கே புதிதாகப் போகிறவருக்கு வேலையும் குறைவு. அவர்களிடம் அவர்களுடைய ஆசிரியர்களே இருக்கிறார்கள். கெமர் அலங்கார வடிவங்களை உங்களைவிட நூறு மடங்கு நன்றாகச் சொல்லித்தருவார்கள். அச்சுக்கலை, அசைவூட்டம் என்று ஏதாவது ஒன்றில் தனித்தேர்ச்சி இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். "நன்றாக வரைவேன்" என்பது அங்கே தகுதியில்லை.

கம்போடியக் கிராமப் பள்ளிகளில் ஒரு வசதி உண்டு. பல இடங்களில் காலை ஒரு பிரிவு, மாலை ஒரு பிரிவு என்று பள்ளி நடக்கிறது. பிள்ளைகளுக்குப் பாதி நாள் சும்மா கிடக்கிறது. பாடவேளையைக் கெஞ்சி வாங்காமல் ஓவியத்தை அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். நேபாளத்தில் தொடக்க வகுப்புகளில் ஓவியம் நெடுங்காலம் சமூகக் கல்வியோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. தேர்வு நெருங்கினால் முதலில் காணாமல் போவதும் அதுவே.

தான்சானியாவில் எட்வர்ட் சைதி டிங்காடிங்கா 1968 வாக்கில் தார் எஸ் சலாமில் தொடங்கி வைத்த பாணி இருக்கிறது. ஓவியப் பள்ளிப் பக்கமே போகாதவர். மலிவான அட்டைப் பலகை, மிதிவண்டிக்குப் பூசும் எனாமல் வண்ணம், சட்டகம் முழுக்க நிறைந்து நிற்கும் சிறுத்தையும் பறவையும். 1972இல் காவல்துறையின் துப்பாக்கிக் குண்டுக்குத் தவறுதலாகப் பலியானார். அவர் பாணி ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. கையில் கிடைத்ததை வைத்து வரைவதற்கு இவரைவிட நல்ல பாடம் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாது. ஆனால் பாடம் நடத்தும் சூழல்தான் கடினம். 2002இல் தொடக்கக் கல்விக் கட்டணம் நீக்கப்பட்டதும் பிள்ளைகள் வெள்ளமாக வந்தார்கள், கட்டடமும் ஆசிரியரும் அந்த வேகத்தில் வரவில்லை. ஒரு வகுப்பில் 80, 100 பேர் என்பது அங்கே செய்தியே இல்லை. அதற்குப் பன்னிரண்டு தூரிகையை எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வது? கரித்துண்டு, செம்மண், தரை என்று திட்டத்தையே மாற்ற வேண்டும். இன்னொன்றையும் முன்பே தெரிந்துகொண்டு போக வேண்டும்: பள்ளியில் பிரம்படி அங்கே சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. நேபாளம் 2018இல் அதைத் தடை செய்துவிட்டது. வீடு, பள்ளி என்று எங்கேயும் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று தடை செய்ததில் தெற்காசியாவில் அதுவே முதல் நாடு. கண்ணெதிரே ஒரு பிள்ளை அடிவாங்கும்போது விருந்தாளியாக வந்தவர் என்ன செய்வார் என்பதை விமானம் ஏறுமுன் யோசித்துவைத்துக்கொள்வது நல்லது.

அனாதை இல்லம் பற்றிச் சொல்லாமல் நேபாளத்தையும் கம்போடியாவையும் ஒப்பிட முடியாது. "கிராமப் பள்ளியில் கலை வகுப்பு" என்று தொடங்கும் கடிதம் நாலாவது மின்னஞ்சலில் "பிள்ளைகள் இல்லம்" என்று மாறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கம்போடியாவில் 2011இல் வெளிவந்த யூனிசெஃப் ஆய்வு, இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதைக் காட்டியது. நேபாளத்திலும் நிலைமை அதுதான். இல்லங்களில் பெரும்பாலானவை காத்மாண்டு, போகரா, சித்வன் போன்ற சுற்றுலாப் பகுதிகளில் குவிந்திருப்பது தற்செயலா என்ன? பார்வையாளரும் நன்கொடையும் வருவதால்தான் பிள்ளைகள் வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்படுகிறார்கள். ஆஸ்திரேலியா 2018இல் தன் நவீன அடிமைமுறைச் சட்டத்தை ஒட்டி இதை ஆள்கடத்தலின் ஒரு வடிவமாகவே ஏற்றுக்கொண்டது. நல்ல பள்ளி உங்களிடம் காவல்துறைச் சான்று கேட்கும். இந்தியாவில் பாஸ்போர்ட் சேவா மையத்தில் அதற்கு விண்ணப்பிக்கலாம். கேட்காத இடத்தின் மீது எனக்கு நம்பிக்கை வராது.

பணக் கணக்கு சுருக்கமானது. முகமை வழியே போனால் இரண்டு வாரத்துக்கே சில நூறு டாலர் ஆகும். அதில் பள்ளிக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டால் பல இடங்களில் பதிலே வராது. 1958இல் பிரிட்டனில் தொடங்கிய தன்னார்வ அமைப்பான வி.எஸ்.ஓ. போன்றவை ஆசிரியப் பயிற்சி, அனுபவம், நீண்ட காலம் எல்லாம் கேட்கும். அமெரிக்க அரசின் தன்னார்வலர் திட்டமான அமைதிப் படை (பீஸ் கோர்) அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான், அதில் நேரம் வீணாக்க வேண்டாம். நேபாளத்துக்கு இந்த இடைத்தரகே தேவையில்லை. பீகார் ஜெயநகரிலிருந்து ஜனக்பூருக்கு 2022 ஏப்ரல் முதல் ரயில் மீண்டும் ஓடுகிறது. இந்திய ரூபாய் ஒன்றுக்கு நேபாள ரூபாய் 1.60 என்ற நிலையான மதிப்பு. கல்வியாண்டு ஏப்ரல் நடுவில் தொடங்கும். தசைன், திகார் பண்டிகைகளுக்கு ஐப்பசியை ஒட்டி நீண்ட விடுமுறை உண்டு என்பதை மறந்து அக்டோபரில் போய் இறங்கினால் பூட்டிய பள்ளியைத்தான் பார்க்கலாம்.

ஆகவே மூன்று மாதம் கையில் வைத்திருப்பவருக்கு நான் தராய் என்றுதான் சொல்வேன், ஹிந்தி கொஞ்சமாவது இருந்தால். ஒரு வருடமும் தனித்தேர்ச்சியும் இருப்பவருக்குக் கம்போடியா. தான்சானியாவில் பிள்ளைகளுக்குப் பதில் ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரலாம். நூறு பேர் வகுப்பில் தூரிகை பங்கிடுவதைவிட இருபது ஆசிரியர்களோடு கரியையும் மண்ணையும் வைத்து வேலை செய்தால் பலன் அதிகம், ஆங்கிலமும் போதும். எங்கே போனாலும் இரண்டு காரியம் எனக்கு உறுத்தும். ஒன்று, தானே சுவரில் பெரிய படம் வரைந்து பிள்ளைகளைக் கட்டத்துக்குள் வண்ணம் நிரப்பவைப்பது. மற்றொன்று, பிள்ளைகளின் ஓவியங்களைச் சுருட்டி எடுத்துவந்து இங்கே கண்காட்சி வைப்பது. அந்தத் தாள்கள் அவர்களுடையவை.

தமிழ் மட்டும்தான் தெரியும் என்பவர்கள் இந்தப் பட்டியலையே கீழே வைத்துவிட்டு இலங்கை மலையகத்தைப் பார்க்கலாம். ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் கற்பிப்பது தமிழில். சித்திரம் அங்கே பாடத்திட்டத்துக்குள் இருக்கும் பாடம், தேர்வும் உண்டு. ஆகவே அதிபரிடம் (அங்கே தலைமையாசிரியரை அப்படித்தான் சொல்வார்கள்) ஓவியம் எதற்கு என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 2022 நெருக்கடியில் அந்நாட்டில் காகிதம் இல்லாமல் மேல் மாகாணப் பள்ளித் தேர்வுகளையே தள்ளிவைத்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் சித்திரக் கொப்பிக்கு அப்போது என்ன இடம் இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். சுற்றுலாவுக்கான மின்னணு அனுமதியில் போய்க் கற்பிக்கக் கூடாது. பதிவுபெற்ற உள்ளூர் அமைப்பு ஒன்றின் மூலம் வலயக் கல்விப் பணிமனையின் சம்மதமும் உரிய விசாவும் கைக்கு வந்தபிறகே பயணச்சீட்டு வாங்குங்கள். கிரேயான் பெட்டிகளைச் சென்னையிலிருந்து சுமக்க வேண்டாம். ஹட்டன் கடைத்தெருவில் எது கிடைக்கிறதோ அதை வைத்தே பாடத்தை அமைத்தால், நீங்கள் திரும்பியபின் அங்குள்ள ஆசிரியரும் அதையே வாங்கித் தொடரலாம்.