பழைய லேப்டாப்புக்கு ஹனிவெல் பிடிஎம்7950: பேஸ்ட்டை விட்டு ஷீட்டுக்கு மாறலாமா?

ஐந்தாறு வருடம் ஓடிய லேப்டாப் கொதிப்பதற்கும் ஃபேன் ஓயாமல் இரைவதற்கும் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்: அடைத்த தூசி, வேலை செய்யாமல் போன தெர்மல் பேஸ்ட் (பிராசஸரின் சூட்டை வெளியே கடத்த அதன் மேல் தடவும் பசை). பேஸ்ட்டுக்குப் பதிலாக ஒட்டும் ஹனிவெல் கம்பெனியின் பிடிஎம்7950 ஷீட் இரண்டாவதை மட்டும்தான் சரிசெய்யும். இதைத் தெரிந்துகொண்டு வாங்குபவர்களுக்கு மிக நல்ல பொருள். 2018-இல் வந்த லெனோவோ திங்க்பேட் டி480-ஐ வைத்து விவரம் சொல்கிறோம். செகண்ட்ஹேண்டில் பரவலாகக் கிடைக்கும் மாடல், கழற்றுவதும் சுலபம்.

டெஸ்க்டாப் பிராசஸருக்கு மேலே ஒரு உலோக மூடி இருக்கும். லேப்டாப்பில் அது கிடையாது. சிலிக்கான் சில்லின் மேலேயே ஹீட்சிங்க் (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பாகம்) உட்காரும். சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்க, நடுவில் உள்ள பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. பழைய லேப்டாப்பைத் திறந்தால் சில்லின் நடுப்பகுதி வெறுமையாகவும் பேஸ்ட் எல்லாம் சுற்றிலும் ஒதுங்கியும் கிடப்பது இதனால்தான். பிடிஎம்7950 அறை வெப்பத்தில் மெழுகு போலக் கெட்டியாக இருந்து, 45 டிகிரி வாக்கில் இளகி, ஹீட்சிங்க்கின் அழுத்தத்தில் மெல்லிய படலமாகப் பரவும். அப்புறம் அங்கிருந்து லேசில் நகராது. பெட்டியில் போடும் வெப்பக் கடத்துதிறன் எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்: ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 பேஸ்ட்டுக்கும் 8.5, இதற்கும் 8.5 என்றே போட்டிருக்கும். வித்தியாசம் போட்ட அன்று பெரிதாகத் தெரியாது; நாள் போகப் போகத்தான் தெரியும்.

கழற்றும் முன் லேப்டாப்புக்கு ஒரே மாதிரி லோடு கொடுத்து, ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு சாஃப்ட்வேரில் கோர் (பிராசஸரின் தனித்தனிப் பகுதி) வெப்பம், பேக்கேஜ் பவர் (சிப் முழுவதும் எடுக்கும் மின்சாரம்) இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். டி480-இல் உள்ள ஐ5-8250யூ 15 வாட் சிப், உச்ச வரம்பு 100 டிகிரி. ஒரே லோடில் ஒரு கோருக்கும் இன்னொன்றுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் பேஸ்ட் ஒதுங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

பிறகு பயோஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் செட்டிங் திரை) உள் பேட்டரியை டிசேபிள் செய்து, வெளி பேட்டரியை எடுத்துவிட்டு, அடிமூடியின் ஆறு ஸ்க்ரூக்களைத் தளர்த்தித் திறந்து, உள் பேட்டரியின் கனெக்டரையும் கழற்றுங்கள். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும். கழற்றும்போது தலைகீழ் வரிசை, மாட்டும்போது நேர் வரிசை, ஒவ்வொன்றாகக் கால் சுற்று. ஒரு மூலையை முதலிலேயே முழுதாக இறுக்கினால் சில்லின் ஓரம் தெறித்துவிடும். அதற்கு ரிப்பேர் கிடையாது.

தூசி ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும். வெளியிலிருந்து காற்றடித்தால் அது இன்னும் உள்ளே இறுகும். ஃபேன் பக்கம் திறந்து, பிரஷ்ஷாலோ ட்வீசராலோ எடுப்பதுதான் வழி. காற்றடிப்பதானால் இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பேரிங் போகும். பழைய பேஸ்ட்டை 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். 70 சதவீதம் வேண்டாம், தண்ணீர் அதிகம்.

ஷீட் ஒட்டுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் இடம். 0.25 மி.மீ. தடிமன்தான், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் படலம். நம் ஊர் வெயிலில் அப்படியே உரித்தால் படலத்தோடு ஷீட்டும் பிய்ந்து வரும். சில்லின் அளவை விட ஒவ்வொரு பக்கமும் அரை மி.மீ. கூடுதலாக வெட்டி, ஃப்ரிட்ஜில் கால் மணி நேரம் வைத்து, எடுத்த உடனே ஒரு படலத்தை உரித்துச் சில்லின் மேல் வைத்து மெதுவாக அழுத்துங்கள். மேல் படலத்தின் மூலையில் செல்லோடேப்பை ஒட்டி, தாழ்ந்த கோணத்தில் நிதானமாக இழுங்கள். சிறு மூலை பிய்ந்தால் பரவாயில்லை, அந்த இடத்துக்கு மட்டும் ஒரு துண்டு வெட்டி வைத்தால் இளகும்போது ஒன்றாகிவிடும். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கக் கூடாது.

போட்ட உடனே வெப்பம் பார்த்து ஏமாற்றமடைய வேண்டாம். 70, 80 டிகிரி வரை சில முறை ஏறி இறங்கின பிறகுதான் படலம் முழுதாகப் பரவும். தனி கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்புகளில் மெமரி சிப்களின் மேலுள்ள தடித்த பேடுகளுக்குப் பதிலாக இதைப் போடவே கூடாது. அந்த இடைவெளியை இது நிரப்பாது, சிப் தனியாக வெந்துபோகும்.

போலி ஷீட்டுகள் ஆன்லைனில் நிறைய. ஃப்ரிட்ஜ் வேண்டாத அளவுக்கு ரப்பர் மாதிரி வளைந்து, சூட்டில் இளகாமல் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். மெயில், பிரவுசர் மட்டும் ஓடும் லேப்டாப்புக்கு எம்எக்ஸ்-4 போதும் என்பதே எங்கள் கருத்து. எடிட்டிங், கேம் என்று தினமும் 90 டிகிரியைத் தொடும் லேப்டாப்புக்குத்தான் இந்த ஷீட் காசுக்கு ஈடு.

இத்தனையும் செய்து வெப்பம் இறங்கியும் சத்தம் குறையவில்லையா? காற்றின் இரைச்சலா, கரகரப்பா என்று காது கொடுத்துக் கேளுங்கள். இரைச்சல் என்றால் விண்டோஸ் பவர் ஆப்ஷனில் பிராசஸரின் அதிகபட்ச நிலையை 99 சதவீதமாக்குங்கள்; டர்போ (தேவைப்படும்போது சிப் தானாக வேகமெடுப்பது) நின்றுவிடும், வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 1.6 பக்கம் இறங்கும், ஆனால் ஃபேன் அடங்கும். கரகரப்பு என்றால் பேரிங் தேய்ந்துவிட்டது. எண்ணெய் விடுவது சில வாரங்களுக்குத்தான் தாங்கும். டி480-இல் ஃபேனும் ஹீட்சிங்க்கும் சேர்ந்தே ஒரு பாகம். தனி கிராபிக்ஸ் உள்ளதற்கும் இல்லாததற்கும் வேறு வேறு. பழையதில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரின் பார்ட் நம்பரைப் படம் எடுத்து, அதையே கேட்டு வாங்குங்கள்.